வானக் கண்ணும் ஏரிக் கரையும்
(ஆரணிப் பொழிவு)



ஆரணி பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். பட்டுநூலைக் காய்ச்சிப் பசை நீக்கவும், சாயம் தோய்க்கவும், அலசவும் நீர் வேண்டும். நெசவாளர்க்குச் சோறிடும் கழனிக்கும் நீரே வேண்டும். கமண்டலநாக ஆறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். நிலத்தின் அடியிலிருப்பதோ வன்பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலுள்ள சிதைந்த படிவிலுமே நீர் தங்கும். ஆகவே, நீர் எங்கே, எவ்வளவு என்றறிவது இவ்வூர்க்கு வாழ்வுச் சிக்கல்.

1972இல் அமெரிக்கா ஏவிய இலாண்டுசாட்டுச் செயற்கைக்கோள் நிலத்தை வானிலிருந்து படமெடுக்கத் தொடங்கிற்று. கதிரொளியின் அகச்சிவப்புப் பகுதியை நீர் விழுங்கும், பயிர் திருப்பியனுப்பும். அதனால் படத்தில் ஏரி கருக்கும், கழனி பளிச்சிடும். ஆண்டுதோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எந்த ஏரி சுருங்கிற்று என்பது விளங்கும். பாறை வெடிப்புகளும் கோடுகளாய்த் தோன்றும். ஆனால் ஏரி நிறையும் மழைக்காலத்தில் முகில் மறைக்குமே! 2025 சூலை 30இல் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய நைசார், தானே நுண்ணலை வீசி முகிலையும் இருளையும் ஊடுருவிக் காண்கிறது.

நிலத்தடிநீரை எடைபோட்டவை, 2002இல் ஏவப்பட்ட கிரேசு என்னும் இரட்டைக் கோள்கள். அவை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுற்றின. நீர் மிக்க நிலத்தின் ஈர்ப்பு சற்றே மிகும். அதனால் அவ்விடைவெளி மிக நுண்ணிதாய் மாறும். அம் மாற்றத்தை அளந்து, இராசத்தான், பஞ்சாபு, அரியானா, தில்லிப் பகுதிகள் 2002 ஆகத்து முதல் 2008 அக்தோபர் வரை 109 கனக் கிலோமீட்டர் நிலத்தடிநீரை இழந்தன என்று 2009இல் ஆய்வாளர் காட்டினர்.

ஆயினும், அந் நிறைகோலுக்கு ஒரு மாவட்டமும் மிகச் சிறிது! ஆரணிக் கிணற்றின் நீர்மட்டத்தை அது சொல்லாது. படம் ஏரியின் பரப்பைக் காட்டும். அடியில் படிந்த வண்டலின் தடிப்பைக் காட்டாது. அவற்றைக் கயிறு விட்டும் கோல் ஊன்றியும் அளக்க வேண்டியவர் ஊராரே.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள. ஒவ்வொன்றின் வான்படமும் அவ்வவ் ஊர்மன்றில் தொங்க வேண்டும். அதில் கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால் என உழவன் வாயில் வழங்கும் பெயர்களே பொறிக்கப்பட வேண்டும். வேற்றுமொழிக் குறிப்புள்ள படம் அவனுக்கு ஊமைப்படமே! அதனருகே திங்கள்தோறும் அளந்த கிணற்று மட்டமும் எழுதப்படட்டும். வரத்துக்காலை அடைத்தது யார், கரையைக் குடைந்தது யார் என்று ஊர் அப்போது கேட்கும். கேட்ட ஊரே தூர் வாரவும் எழும்.

எழுக ஆரணி!