நீலமா, வெளிர் பழுப்பா?



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "அறைக்கு நீலச் சாயம் அடிங்க" என்பார் பாட்டி. "பேஜ்தான் அழகு" என்பாள் பேத்தி. பேஜ் என்றால் வெளிர் பழுப்பு. சாயமேற்றாத கம்பளியின் நிறத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது.

பாட்டி ஏன் நீலம் கேட்கிறார்? அந்நாளில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். சுண்ணாம்பின் மஞ்சள் மங்கலை மறைத்து, சுவரைப் பளிச்சென்று காட்டும். பினாங்கில் இருக்கும் செயோங் ஃபாட் ட்சே மாளிகையின் புகழ்பெற்ற நீலமும் சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்ததுதான்.

பேத்தி சொல்வதிலும் நியாயம் உண்டு. தாமான் வரிசை வீடுகளில் முன்னும் பின்னும்தான் சன்னல். நடு அறை இருட்டு. வெளிர் பழுப்பு, தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். அடர் நீலமோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். மஞ்சள் விளக்கொளியில் நீலம் மங்கியும் தெரியும். நீலம் அடித்தால் அறை குளிரும் என்பதும் கண்ணுக்குத் தோன்றும் குளிர்ச்சிதான், வெப்பமானியில் குறையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடையும். நீலம் மங்கலாகத் தெரியும். நீலம்தான் வேண்டும் என்றால், பாட்டியின் அறைக்கு அடர் நீலத்தைவிட வெளிர் நீலம் வெளிச்சம் தரும். கதவும் விளக்குச் சுவிட்சும் சுவரின் நிறத்திலேயே இருக்க வேண்டாம். அவர் தடவித் தேட நேரிடும்.

சாயம் வாங்கும் முன் சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டு சுவர்களில் பூசி, காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பூஞ்சையை எந்த நிறமும் மறைக்காது.

நேயர்களே, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீடு தோட்ட நிர்வாகத்துடையது. சுவரின் நிறமும் நிர்வாகம் சொன்னதுதான். வேலை போனால் வீடும் போகும். அப்படி வாழ்ந்தவர் இன்று பிள்ளையின் சொந்த வீட்டில் நின்று "எனக்கு நீலம் வேண்டும்" என்கிறார். அது வெறும் ரசனையன்று, உரிமைக் குரல்.

வரவேற்பறைக்கு வெளிர் பழுப்பு அடியுங்கள். பாட்டியின் அறைக்கு என்ன நிறம் என்பதை மட்டும் அவரிடமே கேளுங்கள்.