பழைய ஜீப்பும் அதன் பிரேக் கட்டைகளும்

ஊரை விட்டு வெகுதூரம் வந்து வாழும் நம்மவருள் சிலருக்குப் பழைய ஜீப்பின்மீது ஆசை பிறப்பதுண்டு. டேராடூனைப் போன்ற மலையடிவார நகரங்களில் அது எளிதில் தொற்றிக்கொள்ளும். எங்களையும் அப்படித்தான் தொற்றியது. நண்பர்கள் மூவர் பணம் சேர்த்து, 1962-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி ஒன்றை வாங்கினோம். மூவரும் எழுதுகோல் பிடித்துப் பழகியவர்களேயன்றிச் சுத்தியல் பிடித்துப் பழகியவர்கள் அல்லர்.

இவ்வகை வண்டியின் வரலாறு பலரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் செய்த வண்டியின் வழித்தோன்றல்களை, 1940-களின் இறுதி தொட்டு மும்பையில் மகிந்திரா நிறுவனம் பூட்டலாயிற்று. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வண்டியின் எஞ்சின் அன்று. அதனை நிறுத்தும் பிரேக்.

இந்தப் பழைய ஜீப்பின் பிரேக்கைப் பற்றி முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. காலால் மிதிக்கும்போது நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயை அனுப்புவது ஒரே மாஸ்டர் சிலிண்டர், வழியும் ஒன்றே. இக்காலக் கார்களில் இரண்டு வழிகள் உண்டு; ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும். இங்கோ, ஏதேனும் ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் கிண்ணம் கிழிந்தாலும் நான்கும் போய்விடும். பிறகு எஞ்சுவது கைப் பிரேக் மட்டுமே. வண்டியை நிறுத்தி வைக்க அது உதவும். மலையிறக்கத்தில் அதனை நம்புவார் இலர்.

இதனை அறிந்திருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு சக்கரங்களையும் ஒரேயடியாகக் கழற்றினோம். ஒரு டிரம்மில் எண்ணெய் கசிந்திருந்தது. மற்றவற்றையும் பார்த்துவிடலாம் என்று எண்ணினோம். கட்டைகள் எட்டையும் ஒரே தட்டில் போட்டுத் துடைத்தோம். மாலைக்குள் பூட்டியும் முடித்தோம். தெருவில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி நன்றாகவே நின்றது. மறுவாரம் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு முசூரி சென்றோம். ஏறும்போது குறையொன்றும் இல்லை. இறங்கும்போது ஒரு வளைவில் மிதித்தவுடன் வண்டி வலப்பக்கமாக இழுத்தது. வலப்பக்கம் பள்ளத்தாக்கு. பின்னிருக்கையில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தனர். இரண்டாம் கியரில் இருந்ததனால் பிழைத்தோம். ஊர்ந்தபடியே அடிவாரம் சேர்ந்தோம்.

அங்கு ஒரு முதிய மிஸ்திரி இருக்கிறார். தெருவார் அவரை உஸ்தாத் என்று அழைப்பர். அவர் இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எங்களைக் கடிந்துகொள்ளாமல், வலது சக்கரத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்கும்படி கையை மட்டும் காட்டினார். வேறுபாடு எங்களுக்கே புலப்பட்டது.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு கட்டைகள் உள்ளன. ஒன்றில் லைனிங் நீளமாகவும் மற்றொன்றில் குட்டையாகவும் இருக்கும். நீளமானது வண்டியின் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஏனெனில், வண்டி முன்னோக்கி ஓடுகையில் சுழலும் டிரம் முன்கட்டையைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குகிறது. பின்கட்டையையோ விலக்கித் தள்ளுகிறது. உழைப்பு மிகுதியும் முன்கட்டைக்கே. ஆதலின் அதற்கு லைனிங்கும் மிகுதி. நாங்கள் இடது முன்சக்கரத்தில் அவற்றை மாற்றி வைத்துவிட்டோம். அச்சக்கரம் சோம்பிற்று, வலச்சக்கரம் மட்டும் பிடித்தது, வண்டி வலப்புறம் திரும்பியது.

அன்று உஸ்தாத் கற்பித்த முறையையே இங்குச் சொல்கிறோம். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிரிக்கலாகாது. ஒன்றைப் பிரிக்கையில் மற்றொன்று பூட்டியபடியே மாதிரியாக இருக்கட்டும். இடப்பக்கச் சக்கர நட்டுகள் பல பழைய ஜீப்புகளில் இடமுறுக்கு மரை உடையவை. அறியாது வழக்கம்போல் திருகுவோர் போல்ட்டை முறிப்பர். பின்சக்கர டிரம் கூம்பான அச்சுமுனையில் இறுகப் பிடித்திருக்கும். அதனைப் புல்லர் கொண்டே இழுக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் பேரிங்குக்குக் கேடு. உள்ளே படிந்துள்ள தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கட்டைகளைக் கழற்றிய பின் வீல் சிலிண்டரை ஒரு கம்பியால் கட்டிவைப்பது நன்று. இல்லையேல் யாரேனும் பெடலை மிதிக்க, பிஸ்டன் வெளியே வந்து விழும். ரப்பர் கிண்ணங்களைப் பிரேக் எண்ணெயில் நனைத்தே பூட்ட வேண்டும். எஞ்சின் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். கட்டையின் அடிமுனை ஆணியில் பொருந்துமிடத்தில் சிறிதளவு கிரீஸ் தடவலாம். லைனிங்கில் விரலிலுள்ள கிரீஸ்கூடப் படலாகாது. ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போதுதான் பலருக்கும் விரல் நசுங்குகிறது. உஸ்தாத் கொக்கியில் உறுதியான கயிறு ஒன்றை மாட்டி, காலைப் பின்தட்டில் ஊன்றி இழுத்தார். ஒரு நொடியில் அது துளையில் விழுந்தது. நாங்கள் இடுக்கியோடு அரைமணி போராடிய வேலை அது.

அடுத்தது இடைவெளி. வில்லிஸ் வழிவந்த 9 அங்குல பிரேக்கில் கட்டையின் அடிமுனைக்கும் டிரம்முக்கும் இடையே 0.005 அங்குலமும், மேல்முனையில் 0.008 அங்குலமும் இருத்தல் வேண்டும். அடியிலுள்ள ஆணியைத் திருப்பி முதல் அளவையும், மேலேயுள்ள கேமைத் திருப்பி இரண்டாவதையும் ஃபீலர் கேஜ் கொண்டு சரிசெய்வர். பலர் மேலுள்ளதை மட்டும் திருப்பி முடித்துவிடுவர். கட்டை ஒரு நுனியில் மட்டும் தேயும், பெடலும் பஞ்சுபோல் இருக்கும். பின்னர் அவர்கள் மாஸ்டர் சிலிண்டரைக் குறைகூறுவர், பாவம்!

இறுதியாகக் காற்று நீக்குதல். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடப் பின்சக்கரம். ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க, காற்றுக்குமிழி வெளிவரும். மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். "தபாவ்", "சோடோ" என்று உஸ்தாத் கூவ, எங்களுள் ஒருவர் "அமுக்கு", "விடு" என்று மொழிபெயர்க்க, அரைமணியில் பெடல் கல்போல் நின்றது.

பிறகு ஆளில்லாத சமவெளிச் சாலையில் சென்று, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பத்து முறை மிதித்து நிறுத்தினோம். வண்டி எந்தப் பக்கமும் சாயவில்லை. இறங்கி நான்கு டிரம்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். முன்னிரண்டும் ஒரே சூடு. பின்னிரண்டும் ஒரே சூடு. அடுத்த ஞாயிறன்று மறுபடியும் முசூரிக்கு ஏறினோம். குழந்தைகளை அதற்கடுத்த ஞாயிறன்றுதான் அழைத்துச் சென்றோம்.