ஆயிரம் மணி நேரம்



பாய்லர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது என் மனைவியின் படிப்பைப் பற்றி.

அமெரிக்காவில் பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வு எழுத, 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டம் கட்டாயம். குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கட்டணமும் நாமதான் கட்டணும். இரண்டு வருஷம் என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "டயட் சார்ட் எழுத இவ்வளவு செலவா?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை.

ஐ.சி.யூ.வில் 60 கிலோ எடையுள்ள நோயாளி. கிலோவுக்கு 25 கலோரி என்றால் நாளைக்கு 1500. மில்லிக்கு ஒரு கலோரி உள்ள திரவ உணவு, குழாய் வழியே, மணிக்குச் சுமார் 62 மில்லி. "அட, நம்ம பம்ப் கணக்குதானே!" என்றேன்.

"பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே இந்த அளவு விட்டால், ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏத்தணும்" என்றார்.

என் பம்ப் எதுவும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை.

இங்கேயும் இந்திய டயட்டெடிக் சங்கத்தின் ஆர்.டி. தேர்வு உண்டு. விவரம் வேண்டுகிற தங்கைகள் அவரையே கேட்கலாம், வந்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் கேட்பதானால் இலையைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள்!