சாபத்திற்கு முன் வந்த ஆசி



நோவாவின் காலத்து வெள்ளத்தைப் பற்றிக் கேள்வியுறாதார் நம்முள் இலர். பேழையும் புறாவும் ஒலிவ இலையும் வானவில்லும் இளமையிலேயே நம் மனத்தில் பதிந்தவை. ஆயினும், ஆதியாகமத்தின் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களை ஒருசேர வாசித்தோர் சிலரே. அவ்வாறு வாசியாமையால் மனித குலத்திற்கு நேர்ந்த கேட்டினை இன்று நாம் எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, தீர்ப்பு. வெள்ளம் ஏன் வந்தது? பழைய பாபிலோனியக் கதையொன்றில், மாந்தரின் இரைச்சல் தன் உறக்கத்தைக் கெடுத்ததால் என்லில் என்னும் தேவன் சினந்து, முடிவில் வெள்ளத்தை அனுப்பினான் என்று காண்கிறோம். ஆதியாகமம் கூறும் காரணமோ, பூமி கொடுமையால் நிறைந்தது என்பது. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையை அந்நூல் அத்துணைப் பெருங்குற்றமாக எண்ணியது.

இரண்டாவது, ஆசியும் உடன்படிக்கையும். வெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவையும், அவன் குமாரர் சேம், காம், யாப்பேத்து ஆகிய மூவரையும் ஆசீர்வதித்தார். மூவர்க்கும் ஒரே ஆசி. மனிதன் கடவுளின் சாயலில் உண்டானவன் ஆதலால், மனித இரத்தம் சிந்துவோன் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் அங்கேயே கூறப்பட்டது. பின்னர்ச் செய்யப்பட்ட உடன்படிக்கை அவர்கள் சந்ததிக்கும், பறவைகளுக்கும், விலங்குகளுக்கும் பொதுவாயிற்று. அதன் அடையாளமாகிய வில், யாவரும் காணுமாறு மேகத்தில் வைக்கப்பட்டது.

இவற்றின் பிறகே சாபம் வருகிறது. நோவா திராட்சரசம் பருகி வெறித்துக் கிடந்தான். காம் அவனது நிர்வாணத்தைக் கண்டான். விழித்தெழுந்த நோவா, காமின் மகனாகிய கானானைச் சபித்தான். சபித்தவன் மனிதன், கடவுள் அல்லர். காமின் மற்ற மைந்தரான கூஷ், மிஸ்ராயீம், பூத் ஆகியோர்மீது சாபச் சொல் ஒன்றும் இல்லை.

எனினும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தோர், கறுப்பின மக்கள் காமின் வழித்தோன்றல்கள் என்றும், அடிமைத்தனம் அவர்களுக்குப் பிறப்பிலேயே விதிக்கப்பட்டது என்றும் போதித்தனர். அவ்வடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைப் பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்தன.

பிரெடரிக் டக்ளஸ் அத்தகைய அடிமைகளுள் ஒருவர். எசமானி தொடங்கிய எழுத்துப் பாடத்தை எசமானன் நிறுத்திவிட்டான். தெருச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்து அவர் எஞ்சியதைக் கற்றார். 1838-இல் தப்பிச் சென்று, 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். வெள்ளையருக்குப் பிறந்த பிள்ளைகளே அடிமைகளாய்ப் பெருகிவரும்போது, காமின் சந்ததி என்னும் வாதம் எவ்வாறு நிலைக்கும் என்ற கருத்தை அந்நூலில் எழுப்பினார். 1865-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது.

பிறப்பினால் தாழ்ந்தோர் என்னும் சொல் நமக்கும் புதிதன்று. நம் முன்னோரிடம் அது கூறப்பட்டபோது, ஏட்டைத் திறந்து பார்த்து மறுமொழி உரைக்க அவர்களுக்கு வழியில்லை. இச்சங்கம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குத் திறந்துவருவது அவ்வழியே ஆகும். இளைஞர்களே, நூலில் இவ்வாறு எழுதியிருக்கிறது என்று சொல்லி எவரேனும் நம்மைத் தாழ்த்த முற்பட்டால், அந்நூலைக் கேட்டு வாங்குவோம். அவர் காட்டும் பக்கத்திற்கு முந்திய பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவோம்.