ரத்தத்தில் வந்ததா, சட்டியில் வந்ததா?

(கதிர்காமத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

நான் பேச வந்தது சுகரைப் பற்றி. அதைவிட, "பரம்பரை" என்கிற ஒரு வார்த்தையைப் பற்றி.

எங்க பாட்டிக்கு சுகர். அம்மாவுக்கும் வந்தது. "எங்க வம்சத்துக்கே இருக்கு, மாத்திரை தின்னா மட்டும் போயிடுமா?" என்று சொல்லியே அம்மா உடம்பைப் பார்க்காமல் விட்டார்கள். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் முழுகாமல் இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140க்குக் கீழே இருக்கணும். எனக்கு 162. வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "உங்க வீட்டு ரத்தம்." என் மாமனாரும் பத்து வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்தான். அது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நானும் அம்மா மாதிரியே, வர்றது வரட்டும் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்கா என்னை உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் என் புத்தியில் ஏறியது. அதற்கப்புறம் முகாம்களில் கேட்டதையும் நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் சொல்கிறேன்.

முதல் தப்பு: குடும்பத்தில் வருவதெல்லாம் ரத்தத்தில் வருகிறது என்று நினைப்பது. பிள்ளைக்கு ஜீன் அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி வருகிறது. ஒரு பக்கத்து வீட்டை மட்டும் குறை சொல்ல வழியே இல்லை. அதோடு, குடும்பம் என்றால் ஜீன் மட்டுமா? ஒரே சட்டி, ஒரே சோத்துக் குண்டான், ஒரே டீ டம்ளர், ராத்திரி பத்து மணிக்கு ஒரே சாப்பாடு. இதுவும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற சொத்துதான்.

இரண்டாவது தப்பு: பரம்பரை என்றால் மாற்ற முடியாது என்பது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. யாருடைய ஜீனையும் யாரும் மாற்றவில்லை. ஆனாலும் 16 பேர் தப்பித்தார்கள்.

அந்த 39 பேரையும் மறக்கக் கூடாது. நடந்தும் வந்தது, வாயைக் கட்டியும் வந்தது. ஜீனுக்கும் வேலை இருக்கிறது. அதனால் சுகர் வந்தவளைப் பார்த்து "நீ வாயைக் கட்டல" என்று சொல்வதும் தப்புதான்.

மூன்றாவது கொஞ்சம் குழப்பமானது. "உயரம் 80 சதவீதம் பரம்பரை" என்று சொல்வார்கள். என் உயரத்தில் 80 பங்கு ஜீன், 20 பங்கு சோறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. குழம்பு ருசியில் புளி எவ்வளவு, அடுப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? ஓரளவு ஒரே மாதிரி சாப்பிட்டு வளர்கிற கூட்டத்தில், ஒருத்தருக்கொருத்தர் தெரிகிற வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது. எல்லாருடைய சாப்பாடும் மாறினால் எல்லாருமே மாறுவார்கள். தென்கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களைவிட 1996இல் பிறந்த பெண்கள் 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருஷத்தில் ஜீன் அப்படி மாறாது. சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறின.

நம்ம ஊர்க் கணக்கையும் சொல்கிறேன். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 100க்கு 26 பேருக்கு சுகர். நாடு முழுக்கப் பார்த்தால் 100க்கு 11 பேர். கோவாவுக்கு அடுத்து நாமதான். நம்ம பாட்டிகள் பாகூர் பக்கம் நாத்து நட்டவர்கள். அவர்கள் ஜீன்தான் நமக்கும். ஆனால் அவர்கள் குனிந்து நிமிர்ந்த வேலை நம்மிடம் இல்லை. மூணு வேளையும் அரிசி மட்டும் இருக்கிறது.

போன மாசம் என் பொண்ணு கேட்டாள், "பாட்டிக்கு வந்துச்சு, உனக்கும் வயித்துல நான் இருந்தப்ப வந்துச்சு. எனக்கும் வருமாம்மா?" வராது என்று பொய் சொல்ல எனக்கு மனசு இல்லை. வரும் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. "வரலாம். வராம தள்ளிப் போட நம்மால முடியும். செருப்பைப் போடு, நடக்கப் போகலாம்" என்றேன். இப்ப சாயங்காலம் ரெண்டு பேரும் நடக்கிறோம். மாமியாரும் தெருமுனை வரைக்கும் வருகிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரசவ காலத்தில் சுகர் வந்த அக்கா தங்கச்சிகள் குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வருஷம் ஒரு தடவை பாருங்கள். முப்பது வயசு தாண்டிய எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள், காசு இல்லை. மாசக் கூட்டத்தில் சேமிப்பு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் யார் பார்த்தோம் என்று பேர் எழுதுவோம். எங்க குழுவில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பார்த்துவிட்டோம். மீதி மூணு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன்.