தோட்டத்திலிருந்து செராஸுக்கு

லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். பட்டணத்தில் வேலை மாறினாலும் வீடு நம்முடையதாக நிற்கும். அதுவே பெரிய வசதி.

செராஸில் ஒன்பதாவது மைல், பதினோராவது மைல் என்னும் ஊர்கள் இன்றும் மைல் கணக்கிலேயே வழங்குகின்றன. 2017 ஜூலை முதல் பதினோராவது மைலில் எம்.ஆர்.டி. ரயில் நிற்கிறது. செராஸ் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியும் உண்டு.

ஆனால், லயத்தில் கேட்காத வாடகையை இங்கே மாதந்தோறும் கேட்பார்கள். ஆகவே, குடிவரும்போதே சொந்த வீட்டுக்குத் திட்டமிடுவோம். ஊழியர் சேமநிதியில், 55 வயதுக்குட்பட்டவர் சந்தாவில் 100க்கு 15 பங்கு, 2024 மே முதல் செஜாத்ரா கணக்கில் சேர்கிறது. வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். முதலாளி நம் பெயரில் சந்தா கட்டுகிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வோம்.