பாயும் படமும்
(மன்றத்து ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"சித்திரம் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறீர்கள்?" கட்புலக் கலையைப் பட்டப் படிப்பாகத் தெரிந்தெடுத்த எங்களை இவ்வாறு கேளாதார் ஊரில் இலர். கேட்பவரை நாம் குறை கூறோம். 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரில் வெயிலில் அமர்ந்திருந்ததை நீங்கள் எல்லீரும் கண்டீர்கள். ஆகவே, அவ்வினாவை ஒதுக்கிவிட்டுக் கலையின் மேன்மையை மட்டும் பாடிச் செல்வது முறையன்று.

கல்லடியிலே 1982ஆம் ஆண்டில் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிலையமே இன்று சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவனம் எனப்படுகிறது. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலையும் அங்கே நான்கு ஆண்டுப் படிப்பாக உள்ளது. உயர்தரப் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது. கைத்திறனைச் சோதித்தே சேர்த்துக்கொள்வர். அடிகளின் பெயர் அதற்குப் பொருத்தமானதே. விஞ்ஞானம் கற்ற அவர், மறைந்துபோன யாழைப் பழந்தமிழ் நூற் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டு மீட்டு, 1947இல் யாழ் நூலாகத் தந்தார். கலையும் கணக்கும் பகையல்ல என்பது அவரிடம் நாம் கண்ட பாடம்.

எங்களிற் சிலர் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் மட்டக்களப்பில் மூட்டிய கல்வி விளக்கின் ஒளி எங்கள் மீதும் பட்டது, அந்நன்றியை மறவோம். சித்திர வகுப்பில் மேசைமேற் பூச்சாடியையும் ஆப்பிட் பழத்தையும் வைத்து வரையச் சொல்லுவார்கள். ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, தூரத்துப் பொருள் எவ்வாறு சிறுத்துத் தோன்றுகிறது என்பனவெல்லாம் அங்கே கற்றோம். நல்ல பயிற்சிதான். ஆயினும் நம் வாவிக் கரையில் ஆப்பிள் விளைந்ததில்லை! வீட்டிலே நாம் படுத்துறங்கிய பாயும் ஒரு சித்திரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஓட்டமாவடிக்கு நாம் சென்றது அதைக் காண்பதற்காகவே. முன்னாளிற் புகைவண்டியும் மோட்டார் வண்டியும் முறைவைத்து ஓடிய இரும்புப் பாலத்தருகே இறங்கி, பன்பாய் இழைக்கும் ஒரு வீட்டை விசாரித்துப் போனோம். பன்னை அறுத்து, வெயிலிற் காயவைத்து, கொதிக்கும் சாயத்தில் இட்டெடுத்து, பின் நிலத்திலிருந்து இழைக்கிறார் ஒரு மூதாட்டி. சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடந்து, மூலையிலிருந்து கோலம் விரிகிறது. வரைந்து வைத்த மாதிரி ஏதும் அருகில் இல்லை. "உம்மா, இந்தக் கோலத்தின் கணக்கை எதில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்றோம். "எழுதுறதா? அது என்ட கையில கிடக்கு, புள்ள" என்றார்.

அக்கணக்கை நாம் கட்டம் போட்ட தாளில் இறக்கப் பார்த்தோம். ஒரு சாண் அகலக் கோலத்திற்கு ஒரு பிற்பகல் முழுதும் சென்றது. எத்தனை இழை தள்ளினால் நட்சத்திரம் பிறக்கும், எங்கே ஓரிழை கூடினால் அது கோணும் என்பதை அவர் விரல்கள் எங்களிலும் விரைவாக அறிந்திருந்தன. யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட கரை இது. இழைப்பவர் ஒருவர் மறைந்தால் அவர் கையிலுள்ள கணக்கும் கூடவே மறையும்.

கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி மண்ணியல் ஆராய வந்தவர். கண்டி நாட்டுக் கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் கண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதினார். கவின்கலை உயர்ந்தது, கைப்பணி தாழ்ந்தது என்ற பிரிவினை நம்முடையதன்று என்பதை உலகிற்கு எடுத்துரைத்தவர் அவர். நம் பாய்க்கும், வடமோடிக் கூத்தின் முடிக்கும், குருத்தோலைத் தோரணத்திற்கும் அத்தகைய கண் வேண்டும். பட்டப் படிப்பு எமக்குத் தர வேண்டியது அந்தக் கண்ணே. வெறும் சான்றிதழுக்காக நான்கு ஆண்டு செலவிடுவது, எம் கருத்தில், வீண்.

சரி, உத்தியோகம்? சென்னை ஓவியக் கல்லூரி அதிபர் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் இதே வினாவுக்கு முகங்கொடுத்தவர்கள். ஓவியத்தை வாங்குவோர் இல்லாக் காலத்தில் பற்றிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அப்பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். பகலிற் கைப்பணி சோறு போட, ஓவியமும் வளர்ந்தது. அங்கிருந்த எல்லாரும் செழித்தனர் என்று கூறமாட்டோம். அரச நியமனத்தை மட்டும் நம்பிக் காத்திராதோர் என்பதே எமக்கு வேண்டிய செய்தி. ஆசிரியத் தொழில் கிடைத்தால் நன்று. கிடைக்கும் வரையிலும் புத்தகப் படம், மேடை அமைப்பு, கணினி வடிவமைப்பு என வேலைகள் உண்டு. அவற்றை இழிவென்று எண்ணுபவர் இப்படிப்புக்கு வர வேண்டாம்.

அயலிலுள்ள வாழைச்சேனையில் 1956இல் எழுந்த காகித ஆலை வைக்கோலிலிருந்து தாள் செய்தது. அதே வைக்கோலிற் கையால் தாள் செய்து, அதிலே பாய்க் கோலங்களைப் பதிக்கலாமா என்று இப்போது முயன்று கொண்டிருக்கிறோம். முதற் தாள்கள் தடித்தும் உடைந்தும் வருகின்றன.

மன்றத்தாரிடம் இரு வேண்டுகோள்கள். வரும் விடுமுறையில் ஓட்டமாவடி தொடங்கி வாழைச்சேனை ஈறாகப் பாய் இழைக்கும் வீடுகளுக்குச் சென்று கோலங்களைப் பிரதி செய்ய இருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த வீடுகள் இருப்பின், இந்து இசுலாமியர் என்ற வேறுபாடின்றி, கூட்டம் முடிந்ததும் எமக்குச் சொல்லுங்கள். அடுத்து, இம்மண்டபத்தின் மேற்குச் சுவரை இரண்டு நாட்களுக்குத் தந்துதவுங்கள். பாய்களையும் பிரதிகளையும் அருகருகே மாட்டுவோம். இழைத்தவர் விரும்பினால் அவர் பெயரையும் கீழே எழுதுவோம். ஆணி அடிக்க மாட்டோம், கயிறு கட்டிக்கொள்வோம்.